கைப்பை டீச்சர் யாருக்குச் சொந்தம்

கார்த்தி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நேற்று நான் பேச வாயைத் திறந்தபோதெல்லாம் "அம்மா, ஆரம்பிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனைக் கையில் எடுத்தாய். இன்று காலை இட்லி தட்டுக்கு முன்னாலும் அதேதான் நடந்தது. கடிதத்தை அப்படி அடக்க முடியாது. நீயும் அப்பாவும் கல்யாண மண்டபத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவதற்காகத் தில்லைநகர் போயிருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ரஃபீக் வருகிறான். அவன் வருவதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். அதனால்தான் நீ படம் வரைகிற டேப்லெட்டின் மேலேயே வைத்திருக்கிறேன். வேறு எங்கே வைத்தாலும் உன் கண்ணில் படாது என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு டீச்சர் புத்தி அப்படித்தான். திங்கட்கிழமை சென்னையில் ஒரு சித்திரக்கதைக் கம்பெனியோடு நீ ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறாய். போட்டதும் உங்கள் தொடரின் 'கைப்பை டீச்சர்' என்கிற பெயரும், அவளுடைய முகமும், அவளுடைய பையும் அந்தக் கம்பெனிக்குப் போய்விடும். உனக்கு அங்கே நிரந்தர வேலை. நீ வாராவாரம் வரைவாய். எழுதுவதற்கு அவர்களிடமே ஆள் இருக்கிறதாம். காலேஜ் நாளிலிருந்து உன்னோடு உட்கார்ந்து அந்தச் சித்திரத் தொடரை எழுதிவருகிற ரஃபீக்கின் பெயர் அந்த ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. அவனுக்கு இது தெரியவும் தெரியாது. "கையெழுத்து ஆனப்புறம் நானே பக்குவமா சொல்லிக்கிறேன். நீ வாயத் திறக்காத" என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாய். அது போதாதென்று சாட்சிக் கையெழுத்தையும் நான்தான் போட வேண்டும் என்கிறாய். அந்தக் காகிதம் ஃப்ரிட்ஜின் மேல் முருங்கைக்காய்க் கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் என் கண்ணில் படுகிறது.

நீ இப்படி அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தையில் கல்யாணம். பகலெல்லாம் யாரோ ஒருவருடைய சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் விளம்பரப் படம் போட்டுவிட்டு, கண் எரிய எரிய உட்கார்ந்து டீச்சரை வரைகிறாய். சம்பந்தி வீட்டார் தஞ்சாவூரிலிருந்து வந்தபோது "மாப்பிள்ளை வேலைன்னு என்ன சொல்லிக்கிறது?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள், ஆனாலும் உன் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்கும் கோபம் வந்தது. உன் கஷ்டம் புரியாத அம்மாவாக இதை எழுதவில்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

கைப்பை டீச்சர் எப்படிப் பிறந்தாள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது, கை வலித்தது எனக்குத்தான். பள்ளிக்கூடம் போக டோல்கேட் நிறுத்தத்தில் லால்குடி பஸ்ஸில் ஏறப்போனேன். ஏறுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. நான் வெளியே, என் பை உள்ளே, பையின் வார் மட்டும் என் கையில். பஸ் நகர்ந்தது. நானும் பக்கத்திலேயே ஓடினேன். உள்ளேயிருந்து கண்டக்டர், "கையை விடுங்கம்மா! கையை விடுங்க!" என்று கத்துகிறார். நான் ஓடிக்கொண்டே, "நீங்க பையை விடுங்க சார்! உள்ள ஒன்பதாம் வகுப்பு பேப்பர் இருக்கு!" என்று கத்துகிறேன். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நீயும் ரஃபீக்கும் நின்றுகொண்டிருந்தீர்கள். இரண்டு தடிமாடுகளும் முதலில் சிரித்தீர்கள், அப்புறம்தான் ஓடி வந்தீர்கள். அன்று சாயங்காலமே நீ என்னை வரைந்தாய். தலையைவிடப் பெரிய பை, ஜிப் போன இடத்தில் ஊக்கு, அப்புறம் அந்த மூக்கு. என் மூக்கு அப்படி இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறேன். ரஃபீக் அதற்கு வசனம் எழுதினான். இணையத்தில் போட்டீர்கள். அடுத்த வாரமே ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூன்று பேர் சேர்ந்து பெற்ற பிள்ளை அது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்த வீடு அமெரிக்காவாகிவிடும். அந்த ஊர் நூலகங்கள் இணையத்தில் போட்டிருக்கிற பழைய பத்திரிகைப் பக்கங்களை நீ லேப்டாப்பிலிருந்து டிவியில் மாட்டுவாய். ரஃபீக் பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி வந்துவிடுவான். நான் தோசை வார்த்துக்கொண்டே எட்டி எட்டிப் பார்ப்பேன். சித்திரத் தொடரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் அந்தச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொடுத்ததுதான். நியூயார்க்கில் இரண்டு பத்திரிகை முதலாளிகள் ஒருவரை ஒருவர் கவிழ்க்கப் பார்த்த கதை, ஞாயிற்றுக்கிழமை இதழில் கலர் படம் போட ஆரம்பித்த கதை, இங்கிலீஷ் சரியாகப் படிக்கத் தெரியாமல் கப்பலில் வந்து இறங்கிய ஜனங்கள் அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்த கதை. ஆரம்பத்தில் பேச்சைப் படத்துக்குக் கீழே எழுதினார்கள் என்பாய். பிறகுதான் அது வாயிலிருந்து கிளம்பும் பலூனுக்குள் ஏறிக்கொண்டது. ஒரு சந்தில் திரிகிற மொட்டைத்தலைப் பையனுக்கு மட்டும் அவன் பேசுவதெல்லாம் அவன் போட்டிருக்கிற நீளச் சட்டையிலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்து அப்பா, "எனக்கும் அந்த மாதிரி ஒரு சட்டை தைங்க. இந்த வீட்டுல நான் பேசறது யார் காதுலயும் விழல" என்றார். ரஃபீக்குக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேற, நான் அவன் தலையில் தட்டினேன்.

அந்தப் பையனின் கதையை நீ எவ்வளவு கோபமாகச் சொன்னாய் தெரியுமா? ஊரே அவன் பின்னால் அலைந்ததாம். எதிர்ப் பத்திரிகை முதலாளி அவனை வரைந்த ஓவியரை விலைக்கு வாங்கிவிட்டார். பழைய முதலாளி சும்மா இருப்பாரா? வேறொருவரைக் கூப்பிட்டு அதே பையனை வரையச் சொல்லிவிட்டார். கொஞ்ச காலம் இரண்டு பத்திரிகையிலும் அதே மொட்டைத்தலை, அதே சட்டை. நீ தோசையைப் பிய்த்தபடி, "ஒருத்தன் உயிர் குடுத்த பையனை இன்னொருத்தன் எப்படிம்மா வரைய முடியும்? வெட்கமே இல்லையா?" என்று கொதித்தாய். நான்கூட, "உனக்கு ஏன்டா இவ்வளவு கோபம், சொந்தக்காரனா?" என்று கேட்டேன். அப்போது ரஃபீக் கேட்டான், "அந்தச் சட்டையில வசனம் எழுதினது யாரு?" என்று. வரைந்தவரேதான் என்றாய். "அப்ப அவங்களுக்கு ரெண்டு கையும் ஒரே உடம்புல. நம்ம கதை வேற" என்றான் அவன். நீ அவன் முதுகில் ஒன்று வைத்து, "நமக்கும் ஒரே உடம்புதான்டா" என்றாய். சட்னிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். நேற்று நீ "படம் என்னுது, எழுத யார் வேணா எழுதலாம்" என்று சொன்னபோது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவு வந்தது. நீ எந்த முதலாளியைத் திட்டினாயோ அவருடைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்திருக்கிறாய் என்று தோன்றியது. இதை இப்படிச் சொல்வது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

கம்பெனிக்காரர்களுக்குக் காட்ட நீ தனியாகச் செய்த படங்களை வியாழக்கிழமை எனக்குக் காட்டினாய். "எப்படிம்மா இருக்கு?" என்றாய். நான் "நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தேன். அப்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன். அது நான் இல்லை. என் புடவையைக் கட்டிக்கொண்டு யாரோ ஒரு பொம்பளை நிற்கிறாள். ஏன் என்று அன்று முழுக்க யோசித்தேன். நீங்கள் இரண்டு பேரும் வேலை செய்கிற முறையில்தான் விடை இருந்தது. ஆரம்பத்தில் நீ முதலில் ஆட்களை வரைந்துவிட்டு அப்புறம் வசனத்தைத் திணிப்பாய். நம் பேச்சு நீளம். கண்டக்டர் ஒரே ஒரு தடவை "நகர்ந்துக்கிட்டே இருங்க" என்றால் அந்தப் பலூனிலேயே பாதி பஸ் மறைந்துபோகும். அதனால் ரஃபீக் தலைகீழாக ஆரம்பித்தான். வெறும் கட்டங்களைப் போட்டு, பலூன்களை முதலில் தன் கையெழுத்தில் எழுதி, கீழே வெள்ளையாக விட்டுக் கொடுப்பான். அந்த வெள்ளையில் நீ ஆட்களை நடுவாய். இடம் போதாமல் அவர்கள் குனிந்து, வளைந்து, இடித்துக்கொண்டு நின்றதால்தான் அது நிஜமான லால்குடி பஸ்ஸாக இருந்தது. நீ இப்போது தனியாகப் போட்டதில் எல்லோரும் போட்டோ எடுக்க நிற்பதுபோல் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. கடைசிக் கட்டத்தில் ரஃபீக் பலூனே வைக்க மாட்டான். மற்றவர்கள் எல்லோரும் கத்தி முடித்த பிறகு டீச்சர் சும்மா பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை நீ வரைவாய். ஜனங்கள் சிரித்ததும் அதற்குத்தான், எனக்கு ஒரு தடவை அழுகை வந்ததும் அதற்குத்தான். நீ தனியாகச் செய்ததில் கடைசிக் கட்டத்திலும் டீச்சர் வாயைத் திறந்து கண்டக்டரை "போய்யா" என்கிறாள். முப்பது பேர் ஏறி மிதித்த பஸ்ஸில்கூட நான் யாரையும் அப்படிப் பேசியதில்லை. சண்டை போடாதவள் என்று சொல்லவில்லை. என் சண்டை எப்படி என்று உனக்கே தெரியும்.

இப்போது நேற்று நடந்ததற்கு வருகிறேன். ரஃபீக்கின் அத்தாவுக்குப் புத்தூர் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். நீயும் வா என்று கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்றாய். அவன் முகத்தைப் பார்க்க உனக்குத் துணிச்சல் இல்லை என்று புரிந்துகொண்டு நான் மட்டும் ரசம் சாதத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவன் வார்டுக்கு வெளியே பெஞ்சில், மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து பையை வாங்கிக்கொண்டான். "வாங்கம்மா. இந்த வெயில்ல எதுக்கு அலையறீங்க? கார்த்தி வரலையா?" என்றான். "மண்டப வேலையா அலையறான்ப்பா" என்று கூசாமல் பொய் சொன்னேன். "பரவால்லம்மா, கல்யாண மாப்பிள்ளை. நாளைக்கு நானே வரேன்" என்றவன், அட்டையிலிருந்த தாளை என்னிடம் நீட்டினான். "இது கல்யாண ஸ்பெஷல். டீச்சர் பையனுக்குக் கல்யாணம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அவனுக்கே தெரியாது."

வாங்கிப் பார்த்தேன். மண்டபத்தில் ஆளாளுக்குக் கத்துகிறார்கள். ஒருவர் ஊக்கு கேட்கிறார், ஒருவர் சூடம் கேட்கிறார், ஐயர் தீப்பெட்டி கேட்கிறார், எல்லாம் டீச்சர் பையிலிருந்து வருகிறது. ஆட்கள் இன்னும் இல்லை, பலூன்கள் மட்டும்தான், ஆனாலும் எனக்கு எல்லோரும் தெரிந்தார்கள். கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. "இங்க?" என்றேன். "எப்பவும் போல அவனுக்குத்தாம்மா. டீச்சர் மேடையைப் பார்க்கறாங்க. முகம் எப்படி இருக்கணும்னு நான் எழுதல. அவனுக்குத் தெரியும். இவ்வளவு நான் எழுதறதே அவன் அந்த ஒரு கட்டத்தை வரையறதுக்குத்தான்" என்றான். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னம்மா, முகம் சரியில்லையே?" என்று கேட்டான். நான் "வெயில்ப்பா" என்றேன். அவன் போய் மோர் வாங்கிக்கொண்டு வந்தான். அந்த மோரை நான் எப்படிக் குடித்தேன் என்பதை உன்னால் வரைய முடிந்தால் வரை.

வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. அங்கே போ. அவர்களுக்கு வேறு ஒரு முகத்தை வரைந்து கொடு, உன் கைக்கு நூறு முகம் வரும். இல்லையென்றால் ரஃபீக்கையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பெயரும் போட்டால்தான் டீச்சர் வருவாள் என்று சொல். முடியாது என்று அவர்கள் சொன்னால் டீச்சர் நம் வீட்டிலேயே இருக்கட்டும். குறும்புக்காரச் சகோதரர்கள் இரண்டு பேரைப் பற்றிய தொடர் கோர்ட்டுக்குப் போனதைச் சொல்வாயே, தலைப்பு பத்திரிகைக்கு, பையன்கள் ஓவியருக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள் என்று. அதே பையன்கள் இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் பல காலம் ஓடினார்களாம். அந்த ஓவியருக்காவது பையன்கள் கையில் மிஞ்சினார்கள். நீ போடப்போகிற கையெழுத்தில் உனக்கு அதுவும் இல்லை. பெயர், முகம், பை எல்லாம் அவர்களுடையது என்று எழுதியிருக்கிறது. இன்றைக்கு எழுத ஆள் இருக்கிறது என்று ரஃபீக்கை வெளியே வைக்கிறவர்கள், நாளைக்கு வரையவும் ஆள் இருக்கிறது என்று உன்னிடம் சொன்னால் என்ன செய்வாய்? அப்போது யாரோ ஒருவன் என் மூக்கை இன்னும் பெரிதாக வரைவான், நீ பார்த்துக்கொண்டிருப்பாய். எனக்குப் பயமாக இருக்கிறது கார்த்தி. டீச்சர் போவதைவிட, அவனும் நீயும் இத்தனை வருஷம் ஒன்றாக இருந்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் போகப்போகிறீர்களே என்பதுதான் பயம். உன் கல்யாணத்தில் அவன் எங்கே உட்காருவான்? வருவானா? வந்தால் என்னால் அவனுக்கு இலை போட முடியுமா?

சாட்சி என்றால் நடந்ததைப் பார்த்தவர் என்று அர்த்தம். நான் பார்த்தவள். டோல்கேட்டில் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தேன், நேற்றுப் புத்தூரிலும் பார்த்தேன். நான் பார்த்தது அந்தக் காகிதத்தில் இல்லை. அதனால் என் கையெழுத்து போட வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். உன் அப்பாவிடமும் வாங்கப் பார்க்காதே. "அவன் வளர்ந்த பையன், அவன் முடிவு" என்பார், ஆனால் அவரும் போட மாட்டார். நேற்றுக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மதியம் வாழைக்காய் வறுவல் செய்து வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு இதைப் படி, வெறும் வயிற்றில் படித்தால் கோபம்தான் வரும். படித்ததும் ரஃபீக்குக்குப் போன் போடு. இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு நீயே புத்தூருக்குப் போ, அதுதான் நல்லது. என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். நீ போகவில்லை என்றாலும் நான் உனக்குக் கொடுத்த வாக்கை மீற மாட்டேன். ஆறு மணிக்கு அவன் வருவான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, "அம்மா, காபி" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தாளை எடுத்து மேஜையில் விரிப்பான். நீ ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், நான் எதிரே. காபியை வைத்துவிட்டு என் நாற்காலியில் உட்காருவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் அவன் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, முகம் சரியில்லையே?" என்று கேட்டால், இந்தத் தடவை வெயில் என்று சொல்ல மாட்டேன்.

உன் அம்மா